இசைத்தட்டு வளர்த்த இசைமேதை: லூயி ஆம்ஸ்ட்ராங்

ஆண்டு விழா நெருங்கும் நாட்களில் பள்ளி அரங்கில் நடக்கும் ஒத்திகையை அறியாதவர் நம்மில் யார்? மைக் இருப்பதோ ஒன்று. பாடுவோரோ இருபது பேர். குரல் ஓங்கி ஒலிப்பவளைச் சிஸ்டர் பின்வரிசைக்கு அனுப்புவார். மெல்லிய குரலுடையவளை முன்னே அழைப்பார். தபேலா மற்றெல்லாவற்றையும் மூழ்கடிக்கிறதே என்று அதைத் திரைச்சீலை ஓரத்திற்குத் தள்ளச் சொல்வார். பின்னே அனுப்பப்பட்டவளின் முகம் சற்றே வாடும். தான் நன்றாகப் பாடியதற்குத் தண்டனையோ என்று அவள் நினைப்பாள்.

இதே போன்று ஓர் அறையின் மூலைக்கு அனுப்பப்பட்ட இளைஞர் ஒருவரின் வரலாற்றையே நாம் இங்கே காணப் போகிறோம். 1923ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் என்னும் ஊரில் அது நிகழ்ந்தது. அந்த இளைஞருக்கு அப்போது வயது இருபத்தொன்று. பின்னாளில் உலகம் முழுவதும் கொண்டாடிய லூயி ஆம்ஸ்ட்ராங்தான் அவர்.

ஏழ்மையில் பிறந்த குழந்தை

லூயி அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அதாவது அமெரிக்க விடுதலை நாளன்று, தாம் பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் அவர் நம்பி வந்தார். அவர் மறைந்த பின்னரே, அந்நகரின் இயேசுவின் திரு இருதய ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து உண்மை வெளிவந்தது. 1901 ஆகஸ்டு 4இல் பிறந்த குழந்தைக்கு அதே மாதம் 25ஆம் நாள் திருமுழுக்கு அளிக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. வசதி படைத்தோர் வரலாற்றைப் பலரும் எழுதி வைப்பார்கள். ஏழைக் குழந்தையின் பிறந்த நாளை ஆலயத்துப் பேரேடு ஒன்றே காப்பாற்றி வைத்திருந்தது.

தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். தாய் மேரி ஆல்பர்ட், பாட்டி ஜோசபின், தங்கை பியாட்ரிஸ் ஆகியோரே அவனுடைய உலகம். வறுமையும் சண்டையும் மலிந்த வட்டாரம் அது. கார்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரிடம் சிறுவன் லூயி வேலைக்குச் சேர்ந்தான். பழைய சாமான் வண்டியிலும் நிலக்கரி வண்டியிலும் உடன் சென்று, ஒரு தகர ஊதுகொம்பை ஊதி மக்களை அழைப்பது அவன் வேலை. அந்தக் குடும்பத்தார் அவனுக்கு உணவளித்தார்கள்; அடகுக் கடையிலிருந்த பழைய கார்னெட் ஒன்றை அவன் வாங்கப் பணம் முன்கூட்டிக் கொடுத்தும் உதவினார்கள். நன்றி மறவாத லூயி, தம் இறுதிக் காலத்தில் அக்குடும்பத்தைப் பற்றி உருக்கமாக எழுதி வைத்தார்.

தவறும் திருத்தமும்

1912ஆம் ஆண்டின் கடைசி இரவு. புத்தாண்டைக் கொண்டாடத் தெருவில் வெடியும் வாணமுமாக இருந்தபோது, பதினொரு வயதுச் சிறுவன் லூயி வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வானை நோக்கிச் சுட்டான். காவலர் அவனைப் பிடித்துச் சென்றார். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அவனை அடைத்தார்கள்.

அந்த இல்லத்தில் பீட்டர் டேவிஸ் என்னும் இசை ஆசிரியர் இருந்தார். முதலில் அவருக்கு லூயியைப் பிடிக்கவில்லை. போக்கிரித் தெருவிலிருந்து வந்தவன் போக்கிரியாகத்தான் இருப்பான் என்று எண்ணினார். லூயி எதிர்த்துப் பேசவில்லை, பொறுத்திருந்தான். ஆசிரியர் மனமிரங்கி முதலில் கஞ்சிரா போன்ற டாம்பரினைக் கொடுத்தார். பின்பு மத்தளம், பின்பு ஆல்ட்டோ கொம்பு, பின்பு பியூகிள். இறுதியில் கார்னெட் கைக்கு வந்தது. சிறு ட்ரம்பெட் போன்ற அந்தக் கருவியில் முறையான பயிற்சி பெற்ற லூயி, இல்லத்துப் பேண்டுக் குழுவின் தலைவனானான். 1914இல் அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு கலை இருந்தது. தண்டனைக்கென்று சென்ற இடமே பள்ளியாக மாறியது.

பகலில் நிலக்கரி வண்டி ஓட்டியும் இரவில் ஊதியும் வாழ்ந்த அவனுக்கு ஜோ ஆலிவர் என்னும் கார்னெட் கலைஞர் குருவாக வாய்த்தார். மக்கள் அவரை ‘கிங்’ ஆலிவர் என்றே அழைத்தார்கள். 1918இல் ஆலிவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபோது, கிட் ஓரியின் குழுவில் அவர் விட்டுச் சென்ற இடம் லூயிக்குக் கிடைத்தது. அதன்பின் மிசிசிப்பி ஆற்றில் செல்லும் உல்லாசக் கப்பல்களில் வாசித்து, இசைக் குறியீடுகளைப் படிக்கவும் நன்கு தேர்ந்தார். 1922 ஆகஸ்டில் குருவிடமிருந்து அழைப்பு வந்தது. லூயி சிகாகோவுக்கு ரயிலேறினார்.

குழலின் முன்னே

சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் என்னும் நடன மண்டபத்தில் ஆலிவரின் குழு வாசித்து வந்தது. இரண்டு கார்னெட்டுகள், ட்ராம்போன், கிளாரினெட், பியானோ, ஆளுயரத் தந்திக் கருவியான டபுள் பேஸ், டிரம்ஸ் என்பதே அக்குழுவின் அமைப்பு. மக்கள் காலெடுத்து ஆடுவதற்கு அடித்தளமே டிரம்ஸும் டபுள் பேஸும்தான். நம் நாட்டில் நாதஸ்வரத்துக்குத் தவில் எப்படியோ அப்படி.

இந்தக் குழு 1923 ஏப்ரல் 5, 6 நாட்களில் இசைத்தட்டுப் பதிவுக்காக ரிச்மண்ட் சென்றது. ஸ்டார் பியானோ நிறுவனத்தின் தொழிற்சாலையை ஒட்டி ஜென்னட் இசைத்தட்டுகளுக்கான பதிவு அறை இருந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, அது போன பின்பு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

அந்நாளில் மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் குழல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வாசிப்பவர்களின் ஒலி அதனுள் புகுந்து, குழலின் முனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அந்த அதிர்வு ஓர் ஊசியை அசைக்கும். ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மின்சாரத்தின் உதவி எங்குமில்லை. காற்றின் அதிர்வே ஊசியைத் தள்ள வேண்டும். ஒரு பக்கத்திற்குச் சுமார் மூன்று நிமிடங்கள்தான். நடுவில் ஒருவர் பிசகினாலும் வேறு மெழுகுத் தட்டை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் குழல் எல்லா ஒலியையும் ஒன்றுபோல் வாங்கிக்கொள்ளாது. நொடிக்குச் சுமார் 170 முதல் 2,000 வரையிலான அதிர்வுகளையே அது ஓரளவு நன்றாகப் பிடித்தது. அதனால் வாத்தியக் குழுக்களின் அமைப்பையே அது மாற்றியது. வயலினின் மெல்லொலி குழலை எட்டாது. ஆகவே மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் குழல் பொருத்திய ‘ஸ்ட்ரோ வயலின்’ என்ற ஒன்றையே செய்து பயன்படுத்தினார்கள். டபுள் பேஸின் ஆழ்ந்த ஒலி பதியாது. அதனிடத்தில் டியூபா என்னும் பெரிய பித்தளைக் கொம்பை ஊதினார்கள். கிடாரின் ஒலி அமுங்கிப் போகும். ஆனால் தோல் போர்த்திய பான்ஜோவின் சுருக்கென்ற ஒலி தெளிவாகப் பதியும். சாக்ஸபோனும் நன்றாகப் பதிந்தது. பெரிய பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தாலோ, ஊசி துள்ளி மெழுகுத் தட்டே வீணாகிவிடும்.

ஆலிவர் குழுவுக்கும் இதுதான் நேர்ந்தது. டிரம்ஸ் கலைஞர் பேபி டாட்ஸ் புகழ்பெற்ற தம் பேஸ் டிரம்மைப் பயன்படுத்த முடியவில்லை. மரக்கட்டைகளைத் தட்டித் தாளமிட்டார். டபுள் பேஸ் கலைஞர் பில் ஜான்சன் பான்ஜோவைக் கையில் எடுத்தார். எஞ்சியிருந்தது லூயியின் கார்னெட். அதன் ஒலியோ அருகிலிருந்த குருவின் ஒலியை மறைத்தது. எனவே லூயியை மட்டும் தனியே, சுமார் பதினைந்து அடி தூரத்தில் அறையின் மூலையில் நிறுத்தினார்கள்.

குழுவின் பியானோ கலைஞராக இருந்த லில் ஹார்டின் அம்மையார் இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். மூலையில் நின்ற லூயியின் முகம் வாடியிருந்ததாம். அவர் தேறட்டும் என்று லில் அடிக்கடி திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தாராம். அத்துடன் லில்லின் உள்ளத்தில் ஓர் உண்மையும் பட்டது. அத்தனை தூரத்தில் நிறுத்தினால்தான் மற்றவரோடு ஒத்துவரும் என்றால், அந்த ஒலியின் ஆற்றல் என்னே! அந்நாட்களில் பதிவான ‘சைம்ஸ் புளூஸ்’ என்னும் பாடலில், லூயி முதன்முதலாகத் தனித்து ஊதிய பகுதி இசைத்தட்டில் ஏறியது.

கண்டுணர்ந்த பெண்மணி

லில் ஹார்டினைப் பற்றி மாணவியராகிய நாம் அவசியம் அறிய வேண்டும். 1898இல் மெம்ஃபிஸ் நகரில் பிறந்த இவர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சிகாகோவில் ஓர் இசைக் கடையில், விற்பனைக்கு வந்த இசை ஏடுகளை வாசித்துக் காட்டும் பணியில் சேர்ந்தார். ஆண்களே நிறைந்திருந்த வாத்தியக் குழுக்களில், தம் திறமை ஒன்றையே துணையாகக் கொண்டு இடம் பிடித்தார்.

1924 பிப்ரவரியில் லூயிக்கும் லில்லுக்கும் திருமணம் நடந்தது. குருவின் நிழலிலேயே இரண்டாவது கார்னெட்டாக இருந்துவிடக் கூடாது, முதலிடத்தில் நின்று வாசிக்க வேண்டும் என்று லில் கணவரை வற்புறுத்தினார். லூயிக்குக் குருவைப் பிரிய மனமில்லை. ஆயினும் மனைவியின் சொல் நியாயமானது என்பதை உணர்ந்தார். அவ்வாண்டே நியூயார்க் சென்று ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய நடன வாத்தியக் குழுவில் சேர்ந்தார். ஓராண்டுக்குப் பின் சிகாகோ திரும்பியபோது, தம் பெயரிலேயே இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பு அவருக்குக் காத்திருந்தது.

1925 நவம்பர் 12ஆம் நாள் ‘ஹாட் ஃபைவ்’ என்னும் ஐவர் குழு ஓகே நிறுவனத்துக்காக முதன்முதல் வாசித்தது. லூயியின் கார்னெட், கிட் ஓரியின் ட்ராம்போன், ஜானி டாட்ஸின் கிளாரினெட், லில்லின் பியானோ, ஜானி செயின்ட் சைரின் பான்ஜோ. இதில் டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தகரக் குழலுக்கு ஒவ்வாத இரண்டையும் விட்டுவிட்டு, நன்கு பதியக்கூடியவற்றை மட்டும் கொண்ட குழு அது. இவ்வளவு சிறிய குழு வாசித்த தட்டுகள்தாம் இசை உலகையே திருப்பிப் போட்டன. 1926இல் வந்த ‘ஹீபி ஜீபீஸ்’ என்னும் தட்டில், சொற்களே இல்லாமல் வாத்தியம் போலக் குரலால் லூயி பாடிய பாடல் எங்கும் பரவியது. நம் ஊர்க் கச்சேரியில் ஜதி சொல்வதைக் கேட்டிருக்கும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

மைக் வந்தது

இதற்கிடையில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தார் மைக்கும் மின் பெருக்கியும் கொண்டு ஒலிப்பதிவு செய்யும் முறையை உருவாக்கினர். 1925இல் விக்டர், கொலம்பியா ஆகிய பெரு நிறுவனங்கள் அதை ஏற்றன. நொடிக்குச் சுமார் 100 முதல் 5,000 அதிர்வுகள் வரை இப்போது பதிவாயின. ஊசியைத் தள்ளுவது இனி காற்றல்ல, மின்சாரம். ஆகவே மெல்லிய ஒலியும் பதிந்தது; ஆழ்ந்த ஒலியும் பதிந்தது. 1926 இறுதியில் ஓகே நிறுவனம் கொலம்பியாவின் கைக்கு மாறியபோது, இந்தப் புதிய முறை லூயியின் பதிவுகளுக்கும் வந்து சேர்ந்தது.

பயன் உடனே தெரிந்தது. 1927 மே மாதம் ஐவர் குழு எழுவர் குழுவாயிற்று. புதிதாகச் சேர்ந்த இருவர் யார்? பீட் பிரிக்ஸின் டியூபாவும், ரிச்மண்டில் மரக்கட்டை தட்டிய அதே பேபி டாட்ஸின் டிரம்ஸும்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊசி துள்ளும் என்று விலக்கப்பட்டவர், தம் தாளக் கருவிகளோடு திரும்பி வந்தார். 1929இல் லூயி பதிவு செய்த ‘மஹோகனி ஹால் ஸ்டாம்ப்’ என்னும் தட்டிலோ டியூபா இருந்த இடத்தில் பாப்ஸ் ஃபாஸ்டரின் டபுள் பேஸ் ஒலித்தது. லானி ஜான்சனின் கிடாரும் உடன் ஒலித்தது. வரும் ஆண்டுகளில் நடன வாத்தியக் குழுக்களில் டியூபாவும் பான்ஜோவும் மெல்ல விடைபெற, டபுள் பேஸும் கிடாரும் அவ்விடங்களைப் பிடித்தன. இந்த மாற்றத்துக்கு இசை ரசனை ஒரு காரணம். மைக்கும் ஒரு காரணம்.

பாடும் முறையும் மாறிற்று. தகரக் குழலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தவர்கள், மைக்கின் முன் பேசுவதுபோல் பாடலாயினர். இனிமை என்று யாரும் சொல்ல முடியாத லூயியின் கரகரத்த குரல்கூட, அருகிலமர்ந்து ஒருவர் மனம் விட்டுப் பேசுவதுபோல் வீடுகளுக்குள் நுழைந்தது.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். 1923இன் தட்டுகளை இன்று கேட்போர், அக்குழுவில் பெரிய டிரம் ஒலியே இல்லை என்று எண்ணக்கூடும். இருந்தது, ஆனால் கருவிக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. பதிவானது மட்டுமே உண்மை, பதிவாகாதது இல்லவே இல்லை என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை!

புகழும் நன்றியும்

அதன்பின் லூயியின் புகழ் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. ‘சாச்மோ’ என்னும் செல்லப் பெயரோடு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் சென்றார். ஆனால் அவருடைய குருவுக்குக் காலம் இரங்கவில்லை. பற்கள் பழுதுபட்டு, ஊத முடியாமல் போன ஆலிவர், சவானா என்னும் ஊரில் வறுமையில் வாடினார். 1937இல் லூயி அங்கே சென்றபோது, தம் குரு தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். மனம் கலங்கித் தம்மிடமிருந்த பணத்தை அவர் கையில் திணித்தார். உடன் வந்த கலைஞர்களும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலிவர் மறைந்தார். தாம் கற்றதெல்லாம் அவரிடமே என்று லூயி கடைசிவரை சொல்லி வந்தார்.

லூயி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். அநீதியைக் கண்டு வாய் திறக்காதவர் என்று சிலர் குறை கூறியதுண்டு. 1957 செப்டம்பரில் அதற்கு விடை கிடைத்தது. லிட்டில் ராக் என்னும் ஊரில், வெள்ளையர் மட்டுமே பயின்ற உயர்நிலைப் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை ஆளுநரின் ஆணைப்படி படைவீரர்கள் தடுத்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் நம் வயதுப் பெண்கள். செய்தி கேட்ட லூயி கொதித்தெழுந்தார். நாட்டின் அதிபரையே வெளிப்படையாகக் கண்டித்தார். அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த இசைப் பயணத்தையும் மறுத்துவிட்டார். அதனால் அவருடைய நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. சில நாட்களில் அதிபர் கூட்டரசுப் படையை அனுப்ப, அப்பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்தனர். லூயி அதிபருக்குப் பாராட்டுத் தந்தி அனுப்பினார்.

முடிவும் முடிவின்மையும்

லூயியும் லில்லும் 1930களில் மணவாழ்வில் பிரிந்தனர், நட்பில் பிரியவில்லை. லில் பிற்காலத்தில் தையற்கலை பயின்றபோது, தேர்வுக்காக அவர் தைத்துக் காட்டியது லூயிக்கான ஒரு மேடை உடை என்பர். லூயி, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். அங்கே டேப் ரிக்கார்டர் வைத்துக்கொண்டு, நண்பர்களின் பேச்சையும் பிடித்த இசையையும் நூற்றுக்கணக்கான நாடாக்களில் தாமே பதிவு செய்து வந்தார். ஒருகாலத்தில் பதிவுக் குழலிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டவருக்கு இப்போது பதிவுக் கருவியே வீட்டுத் தோழனாயிற்று.

1971 ஜூலை 6ஆம் நாள் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆகஸ்டு 27ஆம் நாள் சிகாகோவில் அவருக்கு நினைவு இசை நிகழ்ச்சி நடந்தது. பியானோ வாசித்துக்கொண்டிருந்த லில் அம்மையார் மேடையிலேயே சரிந்து உயிர் நீத்தார்.

1977ஆம் ஆண்டு வாயேஜர் என்னும் இரு விண்கலங்கள் ஏவப்பட்டன. ஒவ்வொன்றிலும் பொன் முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதுவும் ஓர் இசைத்தட்டுதான். அதை இயக்க ஊசியும் உடன் உண்டு. உலகின் பல இசைகளோடு, 1927இல் எழுவர் குழு வாசித்த ‘மெலன்கலி புளூஸ்’ அதில் இடம்பெற்றது. லூயியின் கார்னெட்டும், லில்லின் பியானோவும், ஒருகாலத்தில் விலக்கப்பட்ட பேபி டாட்ஸின் தாளமும் இன்று விண்மீன்களுக்கிடையே சென்றுகொண்டிருக்கின்றன.

அன்புத் தோழியரே! அடுத்த ஒத்திகையில் நம்மில் ஒருத்தியைப் பின்வரிசைக்கு அனுப்பினால், அவள் வாட வேண்டாம். மைக்கின் குறையை நம் குறையாகக் கொள்வானேன்? ஆனால் முன்வரிசையில் நிற்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பின்னே நிற்பவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்வோம். லில் செய்தது அதுதான்.